மழைக்கு முன் கரையான்சாவடி: வீட்டுக்காரரின் வேலையைப் பார்க்கப் போன கதை

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை மலை கிடையாது, அருவி கிடையாது, விடுதி பால்கனியிலிருந்து எடுத்த சூரிய உதயப் படமும் கிடையாது. புரட்டாசி மாதத்து முதல் சனிக்கிழமை அம்பத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, அண்ணனூர், ஆவடி, கோவில்பதாகை, பருத்திப்பட்டு வழியாகக் கரையான்சாவடி வரை போய், இருட்டியதும் வீடு திரும்பிய பயணம் இது. மொத்தம் நாற்பது கிலோமீட்டர்கூட வராது. இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் முரளி. நீர்ப்பிடிப்பு மேலாண்மை என்பது அவருடைய தொழில். யாராவது விசாரித்தால் ‘தண்ணி சம்பந்தமான வேலை’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன். உடனே அவர்கள் தங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராத கதையை ஆரம்பித்துவிடுவார்கள். அவர் அரசாங்கத்தில் இல்லை, ஒரு சின்ன அறக்கட்டளையில் இருக்கிறார். முதல் பன்னிரண்டு வருடம் தருமபுரிப் பக்கத்து வறண்ட ஊர்களில் தடுப்பணை, பண்ணைக்குட்டை என்று அலைந்தார். அப்போதெல்லாம் வீட்டுக்கு வருவது வாரம் ஒருமுறை. கடைசி நான்கு வருடமாக இங்கே புறநகர்த் தெருக்களில் வேலை. மழை எங்கே விழுகிறது, எந்த வழியாக எங்கே போகிறது என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கே ஓடுகிற தண்ணீரை நிறுத்தச் சம்பளம் கொடுத்தார்கள், இங்கே நிற்கிற தண்ணீரை ஓட வைக்கக் கொடுக்கிறார்கள் என்று நான் கிண்டல் செய்வேன்.

இப்போது அவருக்கு ஐதராபாத்தில் ஒரு வேலை வந்திருந்தது. ஏசி அறையில் உட்கார்ந்து கணினியில் நீர்வழி வரைபடம் போடும் வேலை, சம்பளமும் கூட. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் மனதுக்குள் ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டேன். ஐதராபாத் என்றால் என் வலைப்பூவுக்கு இரண்டு வருடத் தீனி. கோட்டைகள், ஏரி, பிரியாணி, விட்டால் பீதர், வாரங்கல். அவரும் சரி என்றுதான் சொன்னார். ஆனால் பல் பிடுங்கிக்கொள்ளச் சம்மதிப்பவர் மாதிரி சொன்னார். “சனிக்கிழமை எல்லா இடத்துக்கும் ஒரு ரவுண்டு போய், நான் கிளம்பறேன்னு சொல்லிட்டு வந்துடறேன்” என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் வேலை செய்யும் இடத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. விடைபெறும் நாளிலாவது பார்த்துவிடலாம் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

காலை 7.40க்கு அம்பத்தூரில் மின்சார ரயில். டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். புரட்டாசிச் சனிக்கிழமை என்பதை மறந்துவிட்டுக் கிளம்பியது என் தப்பு. திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் பெருமாளைச் சேவிக்கப் போகிற கூட்டம் பெட்டி பெட்டியாக நெருக்கியடித்தது. துளசி மாலை ஒன்று என் தலையில் உரசிக்கொண்டே வந்தது. இந்தத் தடத்தில் போக நினைப்பவர்கள் புரட்டாசிச் சனியை விட்டுவிட்டு வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஸ்டேஷன் அண்ணனூர். இறங்கு என்றார். இந்த ஸ்டேஷனை நான் எத்தனை வருடமாகக் கடந்து போகிறேன், ஒரு நாளும் இறங்கத் தோன்றியதில்லை. நடைமேம்பாலத்தில் ஏறி நின்றால் பணிமனையில் மின்சார ரயில்கள் வரிசையாக நிற்பது தெரிகிறது. ஒரு வண்டிக்குக் குளிப்பாட்டுப் படலம் நடந்துகொண்டிருந்தது. படம் எடுக்க நல்ல இடம், ஆனால் ரயில்வே இடம் என்பதால் நான் எடுக்கவில்லை. நான் ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தண்டவாளத்துக்குக் கீழே கையைக் காட்டினார்.

“செல்வி, இந்தத் தண்டவாளத்து மேடுதான் இந்த ஏரியாவுலேயே பெரிய கரை. அந்தப் பக்கம் விழற மழை இந்தப் பக்கம் வரணும்னா அடியில இருக்கற அந்தச் சின்னப் பாலம் வழியாத்தான் வரணும்.”

“இதைக் காட்டவா இறக்கிவிட்டீங்க?”

“ஆமா.”

பாலம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு ஆள் குனிந்து நுழையலாம், அவ்வளவுதான். அதன் வாயில் ஒரு பழைய தலையணை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ரயில் வர இருபது நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுக்க எங்கள் பேச்சு அந்தத் தலையணையைப் பற்றித்தான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எட்டரை மணிக்கு ஆவடி. ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் ஷேர் ஆட்டோவில் கோவில்பதாகைக்கு ஆளுக்கு இருபது ரூபாய், தூரம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஓட்டுநர் இவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

“இன்னா சார், மேடத்தையும் இட்டாந்துகினீங்களா?” என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பினார். “நம்ம ஊடு பள்ளத்துல கீது மேடம். சார் ஏறுனாலே, மழ எப்போ வரும்னு கேப்பேன். இதுவரிக்கும் ஒரு தபாகூட கரீட்டா சொன்னதில்ல.”

“நான் வானிலை ஆபீஸ் இல்லப்பா” என்றார் இவர்.

“தண்ணி ஆளுதான சார் நீ? வர்ற தண்ணி எப்போ வரும்னு தெர்லன்னா எப்டி?”

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்போது அது வெறும் கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

கோவில்பதாகையில் ஒரு வீட்டு மாடிக் கூடத்தில் மகளிர் குழுவுக்கு அவருடைய வகுப்பு. இருபது பெண்கள் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். இவர் எல்லா பாட்டிலிலும் ஒரே அளவு சோப்புத்தூளைப் போட்டு, அவரவர் பாட்டிலை அவரவரே குலுக்கச் சொன்னார். உப்புத் தண்ணீரில் நுரை வராது, நல்ல தண்ணீரில் பொங்கும். பாடம் அவ்வளவுதான், ஆனால் கூடம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மொட்டைமாடி மழைநீரைக் கிணற்றில் இறக்கியிருந்த வீட்டுப் பாட்டில்களில் நுரை நன்றாகவே நின்றது. 

“சார் சொன்னாரு, நான் பைப்பு போட்டேன். என் நாத்தனா போடல. இப்போ பாரு அவ பாட்டில!” என்று ஒரு அம்மாள் எல்லோர் முன்னாலும் நாத்தனார் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். நாத்தனாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். “என் பாட்டில் அழுக்குடி, அதான் நுரை வரல” என்றார் அவர். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வீட்டில் ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசாத மனிதர், அங்கே இருபது பெண்களுக்கு நடுவே நின்று கலகலப்பாகப் பேசியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் வகுப்பு முடிந்து, அடுத்த கூட்டம் எப்போது என்று அவர்கள் கேட்டபோது, கிளம்பறேன் என்று சொல்ல வந்த மனிதர் அதைச் சொல்லவில்லை. “போன் பண்றேம்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

பதினொன்றரைக்கு மறுபடி ஆவடி. அங்கிருந்து பூந்தமல்லி போகும் சாதாரணப் பேருந்து. பெண்களுக்கு இலவசம், எனவே டிக்கெட் அவருக்கு மட்டும். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும். மூன்று கிலோமீட்டரில் பருத்திப்பட்டு. இங்கே ஏரிக்கரையில் நடைபாதை இருக்கிறது, உட்கார பெஞ்சு இருக்கிறது, நிழல் ஓரளவுக்கு இருக்கிறது. சாப்பாடு கட்டிக்கொண்டு போவது உத்தமம். நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோயிருந்தேன். வெயில் நேரத்திலும் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பறவை பார்ப்பவர்கள் காலை ஏழு மணிக்குள் வந்துவிட்டால் இன்னும் நிறையப் பார்க்கலாமாம்.

பாதி சாப்பாட்டில் அவர் கையை நிறுத்தினார். “கரையான்சாவடிக்கு நீ வர வேணாம். இங்கேருந்தே வீட்டுக்குப் போய்டு, நான் முடிச்சுட்டு வந்துடறேன்” என்றார்.

“ஏன்? அங்க யாரு இருக்கா?” என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டை ஒட்டி உள்ளே போகிற ஒரு தெரு. தெருக்கோடியில் ஒரு சிறுபாலம், அதற்கு அந்தப்புறம் கூவத்துக்குப் போகிற ஒரு கால்வாய். ஒவ்வொரு ஐப்பசியிலும் தெருக்காரர்கள் செய்கிற முதல் வேலை அந்தச் சிறுபாலத்தின் வாயை மணல் மூட்டை போட்டு அடைப்பது. காரணம், பெரிய மழை ஆரம்பித்ததும் கால்வாய்த் தண்ணீர் அந்த வழியாகத் தெருவுக்குள் வருவதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அடைத்துவிட்டால் வராது. ஆனால் தெருவில் விழுந்த மழைக்கும் அது ஒன்றுதான் வெளியே போகும் வழி. அதனால் ஒவ்வொரு மழைக்கும் மூன்று நாள் தெருவில் தண்ணீர் நிற்கும். மூன்று நாளும் நகராட்சிக்கு போன் மேல் போன் போடுவார்கள், மூட்டையை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

போன வருடம் இவர் அங்கே போய்க் கணக்குப் போட்டார். ஒரு நாள் மழை மொத்தத்தையும் எடுத்துப் பார்த்தால், அந்தப் பாலம் வழியாக உள்ளே வருவதைவிட வெளியே போவதுதான் பல மடங்கு அதிகம். மூட்டையை எடுங்கள் என்றார். தெருச் சங்கச் செயலாளர் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம் போட்டு, படம் வரைந்து காட்டி, எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். எடுத்தார்கள். மழை வந்தது. மறுநாள் காலையில் தெரு காய்ந்து கிடந்தது. வரலாற்றிலேயே முதல் தடவை என்று இவருக்கு மாலை போடாத குறை.

“அப்புறம் என்னங்க?”

“முதல் ஒரு மணி நேரத்தை நான் கணக்குல எடுக்கல செல்வி.”

தருமபுரிப் பக்கத்தில் யாரும் மழையை மணிக் கணக்கில் பார்ப்பதில்லையாம். மண் குடிக்கும், குட்டை நிறையும், நாள் முடிவில் எவ்வளவு சேர்ந்தது என்பதுதான் கணக்கு. பன்னிரண்டு வருடம் அப்படியே பழகிவிட்டார். இங்கே எல்லாம் சிமெண்ட். மெயின் ரோட்டில் விழுகிற அத்தனை மழையும் அரை மணி நேரத்தில் கால்வாய்க்கு வந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் கால்வாய் தெருவை விட உயரம், தண்ணீர் உள்ளே பாயும். அது வடிந்த பிறகுதான் தெருத் தண்ணீர் வெளியே போகும். தெருக்காரர்கள் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்தார்கள், இவர் மிச்ச நேரத்தை மட்டும் பார்த்தார்.

அந்த ஒரு மணி நேரத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது தெருவிலேயே பள்ளமான ஒரு வீட்டுக்கு. பர்வீன் என்று ஒரு பெண், வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். மொட்டைமாடிக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை, தீபாவளித் துணி தைத்துக்கொண்டிருந்தார். இவரும் போய்க் கேட்கவில்லை. மூட்டை இருந்த வருடங்களில் தண்ணீர் அவர் வாசலில் கட்டியிருந்த தடுப்புத் திட்டோடு நின்றுவிடும். போன வருடம் அதையும் தாண்டி உள்ளே போனது. தையல் மோட்டார் போனது, தைத்து அடுக்கியிருந்த அவ்வளவு ரவிக்கையும் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப் போனது. 

“அறக்கட்டளைக்கு எழுதின அறிக்கையில என்ன எழுதினேன் தெரியுமா? திட்டம் வெற்றின்னு எழுதினேன். பொய் இல்ல. தெருவுக்கு வெற்றிதான். அதுக்கப்புறம் அந்தத் தெருவுக்கு நான் போகவே இல்ல.”

ஐதராபாத் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சம்பளமும் இல்லை, ஏசியும் இல்லை. அடுத்த மழை வருவதற்குள் இந்த மனிதர் ஊரை விட்டு ஓடப் பார்க்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருடமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வீட்டில் வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்று மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பரிதாபமாகவும் இருந்தது. “கிளம்புங்க, நானும் வரேன்” என்றேன்.

இரண்டு மணிக்கு மறுபடி பேருந்து. வழியில் கூவத்தைத் தாண்டுகிறோம். கூவம் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், இங்கே அது கோரைப்புல்லும் மாடுமாக வேறு மாதிரி இருக்கிறது. ஏழெட்டு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கரையான்சாவடியில் இறங்கினால் தலைக்கு மேல் மெட்ரோ பாலம், கீழே பாத்திரக் கடை, பழக்கடை, செருப்புக் கடை என்று வரிசையாக ஓடுகிறது. பிரியாணி வாசனை ஆளைத் தூக்குகிறது. புரட்டாசி என்பதால் வாசனையோடு சரி. டீ பதினைந்து ரூபாய், நன்றாக இருந்தது.

தெருவுக்குள் நுழைந்ததும் ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டை விட ஒரு படி உயரம். புதிது புதிதாகக் கட்டியவர்கள் தண்ணீருக்குப் பயந்து மூன்றடி, நான்கடி என்று அடித்தளத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். ரோட்டையும் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், பழைய வீடுகள் தானாகவே பள்ளமாகிவிட்டன. கடைசியில் ரோட்டை விட இரண்டு படி கீழே இறங்கிப் போகும் ஒரு வீடு. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை கூட்டத்தை அந்த வீட்டு வாசலிலேயே வைக்கும்படி இவர் போனில் சொல்லியிருந்தார். நான்கு மணிக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். சங்கச் செயலாளர் தனசேகர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “எங்கப்பா கூலிக்கு நாத்து நட்ட எடம் மேடம் இது. பள்ளம்னு தெரியும். ஆனா எங்க கையில இருந்த காசுக்கு இதான் கெடைச்சுது” என்று எனக்கு அறிமுகம் செய்துகொண்டார். பர்வீன் வெளியே வரவில்லை. கதவு திறந்திருந்தது, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

இவர் எழுந்து நின்று, முதலில் போன வருடக் கணக்கு தப்பு என்றார். தப்பு எங்கே என்று என்னிடம் சொன்னதையே மறுபடி சொன்னார். கதவைப் பார்த்துச் சொன்னார். மெஷின் நிற்கவில்லை. பிறகு புதிய யோசனையைச் சொன்னார். மணல் மூட்டை வேண்டாம், திறந்து போடவும் வேண்டாம். சிறுபாலத்தின் வாயில் இரும்புச் சட்டம் அடித்து, மேலிருந்து சொருகி எடுக்கிற மாதிரி மரப் பலகை. சட்டமும் பலகையும் செய்து தர அறக்கட்டளை ஒப்புக்கொண்டுவிட்டதாம். மழை ஆரம்பிக்கும்போது பலகையை இறக்க வேண்டும், கால்வாய் வடிய ஆரம்பித்ததும் தூக்க வேண்டும்.

“யாரு சார் தூக்குவா?” என்றார் தனசேகர். “மழ பேஞ்சிகினு கீறப்போ, தெருவுல முட்டிக்கால் தண்ணி நிக்கசொல்ல, பலகைய தூக்குன்னா எவன் வுடுவான்? ஒரு தபா அடைச்சா அடைச்சதுதான். எங்க ஆளுங்கள எனக்குத் தெரியும்.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தூக்கலாம், தூக்கக் கூடாது, அந்தக் கோடி வீட்டுக்காரன் ஏற்கெனவே சண்டைக்கு நிற்கிறவன், பேசாமல் மூட்டையே போட்டுவிடலாம். மூட்டை என்ற பேச்சுக்குத் தலைகள் ஆடின. இவருடைய முகம் தொங்கிப்போனது. அடுத்து அவர் சொல்லப் போவது எனக்குத் தெரியும். நான் ஐதராபாத் போகிறேன், வேறு ஒருவர் வருவார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் நின்றது. பர்வீன் படியேறி வெளியே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு டேப், முக்காட்டில் நூல் துணுக்கு. சத்தம் போடவில்லை.

“அண்ணா, போன வருசம் நீங்க வந்து பேசுறப்போ மழ இல்ல. மழ வந்தப்போ நீங்க இல்ல” என்றார். “தெரு காஞ்சிட்ச்சின்னு அல்லாரும் சந்தோசப்பட்டாங்க. எனக்கும் தெரு காயணும்தான், என் புள்ளைங்களும் இதே தெருவுலதான் ஸ்கூலுக்குப் போவுது. மூட்டை போட வேணாம். பலகையே போடுங்க.”

“பலகைய தூக்குற ஆளு?” என்றார் தனசேகர்.

“நான் தூக்குறேன். என் ஊட்டு முன்னாடிதான கீது. நான் தூக்கச் சொன்னா யாரு வேணாம்னுவாங்க? மொத தண்ணி என் ஊட்டுக்குத்தான் வரும்.” பிறகு பர்வீன் இவரைப் பார்த்தார். “ஆனா எப்போ தூக்கணும்னு எனக்குத் தெரியாது. அஞ்சு நிமிசம் முன்னாடி தூக்கினா மறுபடியும் அல்லாம் போய்டும். மொத மழைக்கு நீங்க வந்து இந்தப் படியில நிக்கணும். நின்னு, இப்போ தூக்குன்னு சொல்லணும். சொல்லுவீங்களா?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினாறு வருடத்தில் எத்தனையோ தடவை என்னைப் பார்த்திருக்கிறார், இப்படிப் பார்த்ததில்லை. அந்த நொடியில் என் கண் முன்னால் கோட்டை, ஏரி, பிரியாணி எல்லாமே வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுச் சுவரில் போன வருடத் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடும் கண்ணில் பட்டது. மெஷின் மேஜையின் கால்களுக்கு அடியில் இப்போது நான்கு செங்கல் வைத்திருந்தார்கள்.

“வருவாரும்மா” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று எனக்கே உறைத்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தெரியாமல், குனிந்து சிறுபாலத்தின் வாயை டேப் வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். அளப்பதற்கு பர்வீன் தன் கழுத்தில் இருந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

ஐந்தே முக்காலுக்குக் கரையான்சாவடியிலிருந்து அம்பத்தூர் பக்கம் போகும் பேருந்து கிடைத்தது. திரும்பும்போது பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும், நெரிசலில் ஒன்றரை மணி நேரம். பாதி வழி தாண்டிய பிறகு அவர் மெதுவாக, “ஐதராபாத்?” என்றார். “அதான் சொல்லிட்டேனே, வேற என்ன கேக்கறீங்க” என்று எரிந்து விழுந்தேன். கோபம் அவர் மேல் இல்லை. இவ்வளவு ஆசைப்பட்டதை ஒரு வார்த்தையில் நானே கொட்டிக் கவிழ்த்துவிட்டேனே என்று என் மேல்தான். அழுகையும் வந்தது. அவர் ஜன்னல் ஓர இடத்தை எனக்குக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை அவர் ஐதராபாத்துக்கு போன் பேசியபோது நான் அடுப்படியில் மிக்சியை வேண்டுமென்றே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் செய்கிற வேலை எனக்கு இப்போதும் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தண்ணீரைப் பற்றிய வேலை என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது யார் வீட்டு வாசலில் கூட்டம் போடுவது என்கிற வேலையாக இருக்கிறது. இந்தப் படிப்பு படித்துவிட்டு இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் சிலர் எனக்கு எழுதுவதுண்டு. அவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது, வாருங்கள், ஆனால் மழை நாளில் விடுப்பு எடுக்கிற ஆசை இருந்தால் வராதீர்கள்.

இனி இதே தடத்தில் போக விரும்புகிறவர்களுக்கு. காலை ஏழரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குத் திரும்பிவிடலாம். இரண்டு பேருக்கு ரயில், ஆட்டோ, பேருந்து, டீ எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய் தாண்டாது. பெண்கள் சாதாரணப் பேருந்தாகப் பார்த்து ஏறுங்கள். கழிவறைக்கு ஆவடியை விட்டால் வழியில் நம்பிக்கையான இடம் எதுவும் நான் பார்க்கவில்லை, தண்ணீர் குடிப்பதை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். மாலை நேரத்தில் பூந்தமல்லி சாலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பருத்திப்பட்டு ஏரிக்கு மட்டும் போவதென்றால் அரை நாள் போதும். கால்வாய், சிறுபாலம் என்று எட்டிப் பார்க்கிறவர்கள் தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் நிலம் அளக்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சட்டம் அடித்தாயிற்று, பலகையும் வந்துவிட்டது. இதை எழுதும்போது ஐப்பசி பிறந்து சில நாட்கள் ஆகின்றன, பெரிய மழை இன்னும் வரவில்லை. வானம் கறுத்திருக்கும் நாளில் இந்தப் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். அந்த நாளில் அம்பத்தூர் பக்கம் வந்து எங்கள் வீட்டை எட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கும் நண்பர்களும் வர வேண்டாம். மேகம் கட்டினாலே அவர் கரையான்சாவடிக்குக் கிளம்பிவிடுவார். நானும் இருக்க மாட்டேன். அவர் கண் கால்வாய் மேல் இருக்கும், குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.